இடக்காலின் வேலையை யார் செய்வது?

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலையில் கியர் கார் ஓட்டுகிறவரின் இடக்காலுக்கு ஓய்வே கிடையாது. முன்னால் நிற்கும் வேன் நான்கடி நகரும். கிளட்ச்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போட்டு, பாதி விட்டு, நான்கடி போய், மறுபடியும் மிதித்து நிற்க வேண்டும். ஏற்றத்தில் நின்றால் வண்டி பின்னால் உருளாமல் ஹாஃப் கிளட்ச்சில் பிடிக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறுகளில் இதுதான் கதை. போலியோவில் இளைத்த காலும், விபத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட காலும், தண்டுவடம் அடிபட்டு உணர்வு போன காலும் இந்த வேலையைச் செய்ய முடியாது.

அப்படிப்பட்ட ஒருவரிடம் இருப்பது கியர் வண்டி, அதுவும் ஆசை ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால், அதை ஆட்டோமேட்டிக்காக மாற்ற முடியுமா என்று கேட்காமல் இருக்கமாட்டார். மெக்கானிக் ஒரு பதில் சொல்வார், ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேறு பதில் வரும், வீட்டில் அப்பா “பேசாம இத வித்துட்டு வேற பாருல” என்பார். மூன்று பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓட்டுகிறவரின் உடம்பை அளப்பது முதல் வேலை, கிளட்ச் பெடலை ஒழிப்பது இரண்டாவது வேலை, கியர்பாக்ஸைக் கழற்றி மாற்றுவது வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டிய வேலை.

மாற்றுத்திறனாளி என்றால் ஆட்டோமேட்டிக் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் குறை எந்த உறுப்பில் என்பதைப் பொறுத்து வண்டியே வேறாகிவிடும். இடக்கால் மட்டும் பாதிக்கப்பட்டவருக்குக் கிளட்ச் பெடல் ஒன்றுதான் எதிரி. அது போய்விட்டால் எல்லோரையும் போல வலக்காலால் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வார், கியரைக் கையால் மாற்றுவதில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. வலக்கால் பாதிக்கப்பட்டவருக்கு ஆட்டோமேட்டிக் மட்டும் போதாது. ஆக்சிலரேட்டரை பிரேக்குக்கு இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். அந்த இடத்தில் கிளட்ச் பெடல் உட்கார்ந்திருக்கிறது என்பதால்தான் அவருக்கும் அது போக வேண்டியிருக்கிறது. இடக்கை இழந்தவருக்கோ நம் நாட்டு வலப்பக்க ஸ்டீயரிங்கில் கியர் லிவரே எட்டாது.

இரண்டு கால்களும் இயங்காதவரின் நிலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவருக்கு ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தில் ஒரு கை லிவர் பொருத்துவார்கள். முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தால் அல்லது திருகினால் ஆக்சிலரேட்டர். ஒரு கை எப்போதும் அந்த லிவரில் இருக்கும். மற்றக் கை ஸ்டீயரிங்கில் பொருத்திய குமிழைப் பிடித்துச் சுழற்றும். இரண்டு கைகளும் தீர்ந்துபோயின. இனி கியருக்குக் கை எங்கே? ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே கியரைக் குறைத்து ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப வேண்டுமென்றால் அவருக்கு மூன்றாவது கை வேண்டும். முழு ஆட்டோமேட்டிக் ஆடம்பரம் அல்லாமல் அடிப்படைத் தேவையாவது இவருக்குத்தான்.

இடக்கால் மட்டும் இயங்காதவர்களுக்காக, பைக்கின் கிளட்ச் லிவரைக் கொண்டுவந்து கார் கியர் கம்பியிலேயே கட்டி, அதிலிருந்து பெடலுக்குக் கேபிள் இழுத்துக் கொடுக்கும் மெக்கானிக்குகள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களின் கைவேலையை நான் மதிக்கிறேன். பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத காலத்தில் நூற்றுக்கணக்கானவர்களை வண்டி ஓட்டவைத்தது அவர்களுடைய லேத்தும் வெல்டிங்கும்தான். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் பொதுவாகக் கனமானது. அதிக டார்க்கைத் தாங்க பிரஷர் பிளேட் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும். அதை விரல்களால் ஒரு மணி நேரம் நெரிசலில் பிடித்துவிட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் தொடக்க வரலாற்றிலேயே கால் இழந்தவர்களுக்கு இடம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து கை, கால் இழந்த வீரர்கள் ஊர் திரும்பியபோது, அதே கியர்பாக்ஸோடு கைக்கட்டுப்பாடுகளையும் சேர்த்து, வேலியன்ட் என்ற பெயரில் அவர்களுக்கென்று கார்களைக் கொடுத்தது. 1946-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அப்படிக் கார் வாங்க ஆளுக்கு 1,600 டாலர் வரை ஒதுக்கிச் சட்டம் போட்டது. பிரிட்டனில் அரசு முதலில் இன்வாகார் என்ற மூன்று சக்கரக் குட்டி வண்டியைக் கொடுத்துப் பார்த்தது. 1977-ல் மோட்டபிலிட்டி திட்டம் வந்த பிறகு மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்கள் ஓட்டும் அதே கார்களைத் தங்களுக்கேற்ப மாற்றி வாடகை முறையில் பெறத் தொடங்கினார்கள். நம் ஊரில் தமிழ்நாடு அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் பல்லாயிரம் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஸ்கூட்டரோடு நம் கற்பனை நின்றுவிட்டது. கார் என்ற கேள்வி வந்தால் இன்னமும் அவரவர் பாடு.

கிளட்ச் பெடலை மட்டும் எடுத்துவிட்டுக் கியரைக் கையில் விட்டுவைக்கும் வழியும் புதிதல்ல. 1967-ல் போர்ஷே தன் 911 காரில் ஸ்போர்ட்டோமேட்டிக் என்ற அமைப்பைக் கொடுத்தது. கியர் லிவரைக் கை தொட்டு அசைத்ததுமே உள்ளே ஒரு சிறு சுவிட்ச் மூடும், வெற்றிட விசையால் கிளட்ச் தானாகப் பிரியும், கியர் விழுந்ததும் பிடிக்கும். கிளட்ச் பெடலே கிடையாது. அசல் ஸ்போர்ட்ஸ் கார், அசல் கியர் மாற்றும் சுகம், இடக்காலுக்கு முழு ஓய்வு. இன்றைக்குப் பழைய கார்களில் பொருத்தக் கிடைக்கும் ஆட்டோ கிளட்ச் கிட்டுகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. லிவரில் ஒரு உணரி, கிளட்ச்சை இழுக்க ஒரு மோட்டார் அல்லது வெற்றிடக் குடுவை, எஞ்சின் வேகத்தையும் ஆக்சிலரேட்டரையும் பார்த்து எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்று கணக்குப் போட ஒரு சிறு கணினி. கியர்பாக்ஸில் கை வைக்க வேண்டியதில்லை. நாளைக்கு வண்டியை விற்க நினைத்தால் கழற்றிவிடலாம்.

இதையே கம்பெனியிலேயே செய்து கொடுத்த கார் நம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தே வந்தது. 2020 ஜூலையில் ஹூண்டாய் வென்யூ காரில் ஐ.எம்.டி. என்ற பெயரில் கிளட்ச் பெடல் இல்லாத கியர் வண்டி வந்தது. அடுத்த ஆண்டு அதே அமைப்பு ஐ20 என் லைனுக்கும் வந்தது. 998 சி.சி. டர்போ எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன், 4 மீட்டருக்குள் அடங்கும் உடல். பந்தயக் காரின் சாயல் கொண்ட, சம்பளக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடிய வண்டி. இடக்கால் இயங்காத ஓர் இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. 2023-ல் அந்தக் கார் புதுப்பிக்கப்பட்டபோது ஐ.எம்.டி.யை எடுத்துவிட்டு, கிளட்ச் பெடலோடு கூடிய சாதாரண ஆறு கியர் பெட்டியை வைத்தார்கள். கார் பிரியர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு அது இழப்பாகவே படுகிறது. யாருக்கு அது உண்மையிலேயே உதவியதோ அவர்கள் அந்தக் கணக்கில் வாடிக்கையாளராகவே எண்ணப்படவில்லை.

இனி முழு மாற்றம். கியர்பாக்ஸைக் கழற்றி ஆட்டோமேட்டிக் பெட்டியை வைப்பதென்றால் என்னவெல்லாம் மாறும்? கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் மூன்றும் வெளியே போகும். அந்த இடத்தில் டார்க் கன்வர்ட்டரும் அதைத் தாங்கும் மெல்லிய தட்டும் வரும். ஆட்டோமேட்டிக் பெட்டி பெரும்பாலும் நீளமும் கனமும் கூடியது. ஆகவே அதைத் தாங்கும் மவுன்ட்டும் குறுக்குச் சட்டமும் மாறும். பின்சக்கர வண்டியானால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சுருக்க வேண்டும், முன்சக்கர வண்டியானால் ஆக்சில் நீளம் பொருந்த வேண்டும். கியர் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் குழாய் இழுக்க வேண்டும். பெடல் பெட்டி, லிவர், வயரிங், மீட்டர் எல்லாமே மாறும்.

இத்தனையும் இரும்பு வேலை, நல்ல கைகளுக்கு முடியாததல்ல. உண்மையான முட்டுக்கட்டை கணினிகளில் இருக்கிறது. கியர் வண்டியின் எஞ்சின் கணினி, கிளட்ச் மிதிக்கப்பட்டதா என்று பார்த்துத்தான் ஸ்டார்ட் ஆக விடும். ஆட்டோமேட்டிக்கின் கணினி லிவர் ‘பி’ அல்லது ‘என்’-ல் இருக்கிறதா என்று கேட்கும். கியர் மாறும் நொடியில் எஞ்சின் தன் விசையைக் குறைக்க வேண்டும் என்று கியர்பாக்ஸ் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியை எஞ்சின் கணினி புரிந்துகொள்ள வேண்டும். ஏ.பி.எஸ்.ஸும் வழுக்கல் கட்டுப்பாடும் இதே கம்பியில் பேசுகின்றன. ஒன்று ஒத்துப்போகாவிட்டால் டேஷ்போர்டு முழுக்க விளக்கு எரியும், வண்டி பாதுகாப்பு நிலைக்குப் போய் மூன்றாவது கியரிலேயே நிற்கும். ஐந்தருவி ஏற்றத்தில் அப்படி நின்றால் இறங்கித் தள்ள முடியாத ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு சோதனை போதும். அதே கார் அதே எஞ்சினோடு கம்பெனியிலேயே ஆட்டோமேட்டிக்காகவும் விற்கப்பட்டதா? மஸ்டா எம்.எக்ஸ்-5, டொயோட்டா 86 போன்றவை இரண்டு வகையிலும் வந்தவை. விபத்தில் நொறுங்கிய ஓர் ஆட்டோமேட்டிக் வண்டியை முழுதாக வாங்கி, பெட்டி, கணினி, வயரிங் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் வேலை முடியும். ஹோண்டா எஸ்2000 மாதிரி கியரில் மட்டுமே வந்த கார் என்றால் விட்டுவிடுவதே நல்லது. உலகில் பணத்தைக் கொட்டி அதையும் செய்தவர்கள் உண்டு. ஆனால் பழுதானால் பார்க்க அவர்கள் பக்கத்தில் ஒரு பொறியாளர் இருந்தார். தென்காசியில் அந்தக் காருக்கு ஆயில் ஃபில்டர் கிடைப்பதே பெரிய விஷயம்.

அப்பா சொன்ன பதிலில் நியாயம் இருப்பது பணக் கணக்கில்தான். 2014-ல் மாருதி செலேரியோ வந்த பிறகு ஆட்டோமேட்டிக் என்பது பணக்காரர் பொருளாக இல்லாமல் போயிற்று. சின்னக் கார்களில் கியருக்கும், கிளட்ச்சும் கியரும் தானாக இயங்கும் ஏ.எம்.டி.க்கும் சுமார் 50,000 ரூபாய்தான் வித்தியாசம். கியர்பாக்ஸ் மாற்றத்துக்கு ஆகும் செலவு இதைப் போலப் பல மடங்கு. மின்சாரக் காரில் கிளட்ச்சும் கிடையாது, கியரும் கிடையாது. ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக்கும் மலைச்சாலையில் ஒன்றுபோல நடந்துகொள்ளாது. ஹில் ஹோல்டு இல்லாத ஏ.எம்.டி. ஏற்றத்தில் பின்னால் நழுவும். உலர் கிளட்ச் உள்ள இரட்டைக் கிளட்ச் பெட்டி ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். கைக்கட்டுப்பாட்டில் ஓட்டுகிறவருக்கு டார்க் கன்வர்ட்டர் அல்லது மின்சாரக் காரையே நான் சொல்வேன். பிரேக்கை மெல்ல விட்டால் வண்டி தானே ஊர்ந்து நகரும், கைக்குப் பதற்றம் இல்லை.

சரி, எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்? போய்வர ஒரு வண்டி போதாதா? நல்ல மனத்தோடு கேட்கப்படும் இந்தக் கேள்வி என்னை எப்போதும் உறுத்துகிறது. நடக்க முடிந்தவர் கார் வாங்கும்போது தேவையா ஆசையா என்று யாரும் விசாரிப்பதில்லை. இத்தாலியப் பந்தய வீரர் அலெக்ஸ் சனார்டி 2001-ல் ஜெர்மனியில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். கைக்கட்டுப்பாடு பொருத்திய பி.எம்.டபிள்யூ.வில் திரும்பி வந்து 2005-ல் உலக டூரிங் கார் போட்டியின் ஒரு பந்தயத்தில் வென்றார். கை, கால் நான்கையும் நோயில் இழந்த பிரெஞ்சுக்காரர் ஃபிரெடெரிக் சோசே 2016 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஓட்டி முடித்தார். சோழவரம் விமானத் தளத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டுக்கு வேகத்தின் மேல் ஆசை புதிதல்ல. அந்த ஆசை கால் போனதும் போய்விடுவதில்லை.

அதோடு, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரில் சக்கர நாற்காலிக்காரருக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. கதவு அகலமானது, நாற்காலியை நெருக்கி நிறுத்தலாம், சீட்டில் உட்கார்ந்தபடி நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிப் பின்னால் போடலாம். ஆனால் சீட் தாழ்வு. நாற்காலியிலிருந்து சீட்டுக்கு இறங்குவது எளிது, மேலேறி வெளியே வரத் தோளில் பலம் வேண்டும். பக்கெட் சீட்டின் உயர்ந்த ஓரங்கள் உணர்வற்ற தொடையை அழுத்திப் புண்ணாக்கும். மேல் தண்டுவடம் அடிபட்டவருக்கு உடம்பு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளாது. மே மாதத்தில் ஏ.சி. நின்ற கார் அவருக்கு ஆபத்து. கியர்பாக்ஸுக்குச் செலவழிக்கும் முன் சீட்டையும் ஏ.சி.யையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடத் தாராளமானது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதைக் கேட்டு, எந்த மாற்றமும் குற்றம் என்று பலர் பயந்து போனார்கள். ஆனால் அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது ‘இன்வேலிட் கேரேஜ்’ என்ற பழைய சொல்லை நீக்கி, தகவமைக்கப்பட்ட வாகனம் என்ற புதிய வகையைச் சேர்த்தார்கள். 52-ம் பிரிவின்படி மாற்றுத்திறனாளி தன் வண்டியைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டு, அதன் பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம், மத்திய அரசின் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் போதும். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வண்டிகளுக்கான கிட்டுகளின் ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாக்க 2021 செப்டம்பரில் கவுன்சில் முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு மோட்டார் வாகன வரி விலக்கு உண்டு, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியிலும் விலக்கு உண்டு. மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிவிட்டால் இன்சூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடிக்கும் வழி இருக்கிறது. ஏற்றாமல் விட்டால், விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

காகிதத்தில் இப்படி. கவுன்டரில் நிலைமை வேறு. உரிமம் வாங்க ஓட்டிக் காட்ட வேண்டும், ஓட்டிக் காட்ட மாற்றிய வண்டி வேண்டும், அதைப் பழகப் பழகுநர் உரிமம் வேண்டும், மாற்றிய வண்டி வைத்திருக்கும் டிரைவிங் ஸ்கூல் பக்கத்தில் இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் இப்படியொரு வண்டியை முன்னே பார்த்திராவிட்டால் தயங்குகிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் கதவு திறந்துகொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஜிலுமோள், பிறவியிலேயே கைகள் இல்லாதவர், தகவமைக்கப்பட்ட காரை ஓட்டிக் காட்டி உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டு சென்னையில் இரு கைகளும் இல்லாத ஓர் இளைஞரும் பெற்றார். கைகளே இல்லாதவருக்குக் கிடைத்த உரிமம் ஒரு கால் இல்லாதவருக்கு ஏன் கிடைக்காது என்று எந்த அலுவலகத்திலும் தைரியமாகக் கேட்கலாம்.

தென்காசியிலிருந்து சில கிலோமீட்டரில் ஆய்க்குடி இருக்கிறது. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல், தனக்கு மருத்துவம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் செயலாளர் எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்து வேலை செய்யும் ஆடிட்டர். காலிப்பரும் சக்கர நாற்காலியும் உள்ளூரிலேயே செய்யும் பட்டறை, பிசியோதெரபிஸ்டுகள், மறுவாழ்வு அனுபவம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஒருவரின் தோளில் எவ்வளவு பலம், விரல் எவ்வளவு மடங்கும், எந்த லிவர் எங்கே இருக்க வேண்டும் என்று அளந்து சொல்லக்கூடிய கைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, அந்த அளவைக் காராக்கித் தரும் ஒரு பட்டறையும் பழகிப் பார்க்க ஒரு வண்டியும்தான் குறை.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41-ம் பிரிவில் வண்டிகளைத் தகவமைப்பதற்கு அரசே திட்டம் வகுக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தென் மாவட்டங்களுக்கென்று ஒரே ஒரு மையம் போதும். கைக்கட்டுப்பாடு பொருத்திய ஓர் ஆட்டோமேட்டிக் கார், உடம்பை அளக்கத் தெரிந்த ஒரு தெரபிஸ்ட், பயிற்சி பெற்ற இரண்டு மெக்கானிக்குகள், மாதம் ஒரு நாள் அங்கேயே வந்து பார்க்கும் ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர். இதைத் தென்காசி மாவட்ட நிர்வாகம் முன்வந்து கேட்க வேண்டும்.

அதுவரை, கியர் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு: முதலில் ஒரு பிசியாட்ரிஸ்டிடம் (மறுவாழ்வு மருத்துவரிடம்) போய் எந்த உறுப்பு எவ்வளவு செய்யும் என்று எழுதி வாங்குங்கள். இடக்கால் மட்டும்தான் சிக்கல் என்றால், புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற ஆட்டோ கிளட்ச் கிட் கிடைக்குமா என்று பாருங்கள், கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். இரண்டு கால்களும் என்றால், அதே காரின் ஆட்டோமேட்டிக் வகையைப் பழையதாக வாங்கிக் கைக்கட்டுப்பாடு பொருத்துங்கள். அப்படி ஒரு வகையே இல்லாத கார் என்றால் மட்டும் அப்பா சொன்னதைக் கேளுங்கள். எதைச் செய்தாலும் ஆர்.சி.யில் ஏற்றாமல் மலை ஏறாதீர்கள்.